போனி வண்டிக்குப் பயோத்தேன் சேணம்: நம் ஊர் புழுக்கத்துக்கு ஒத்துவருமா?

ஈரம் வற்றாத ஊரில் தோல் சேணத்தைக் காப்பாற்றுவது தனி உத்தியோகம். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையே இல்லாத நாளிலும் பிற்பகலில் 60 அளவுக்குத்தான் இறங்கும். வியர்வை ஊறிய தோல் வாரைத் துடைக்காமல் மாட்டி வைத்தால், சில நாள்களிலேயே வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை படரும். தையல் நூல் உள்ளுக்குள்ளேயே மக்கிப்போகும். பித்தளை வளையங்களில் களிம்பு ஏறும். வெளியே பளபளவென்று தெரிகிற இழுவார் (வண்டியை இழுக்கும் வார்) ஒருநாள் வளைவில் அறுந்து கையோடு வரும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான வெக்கை மாதங்களில் வாரத்தில் பல நாள் வண்டி ஓட்டுகிறவர்கள் செயற்கைப் பட்டைச் சேணத்துக்கு மாறுவதற்கு இதுதான் காரணம்.

இந்த மதிப்பீடு 12 கை உயரமுள்ள, அதாவது சுமார் 122 செ.மீ. போனிக்கான (குட்டைக் குதிரை) ஒற்றைக் குதிரைச் சேணத் தொகுப்பு பற்றியது. பட்டை பயோத்தேன் என்ற செயற்கை வகை, இழுப்பது இரு சக்கரப் பயிற்சி வண்டி. ஏறக்குறைய இதே அமைப்பில் பல தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். ஆகவே பெயரைப் பார்க்காமல், கீழே சொல்லும் பாகங்களையும் அளவுகளையும் பார்த்து வாங்குங்கள். எங்கள் முடிவு இதுதான்: பட்டை இந்த ஊருக்குச் சரியானது, நம்பி வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் மாட்டி ஓட்டக்கூடிய பொருள் அல்ல. போனியின் உடம்பையோ ஓட்டுநரின் கையையோ தொடுகிற மூன்று இடங்களிலும், வண்டியோடு சேர்கிற ஓர் இடத்திலும் மாற்றம் செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் இதன் விலையைக் கணக்கிட வேண்டும்.

பட்டை எப்படிப்பட்டது?

உள்ளே பாலியெஸ்டர் நெசவுப் பட்டை, மேலே பிளாஸ்டிக் பூச்சு. இவ்வளவுதான் பயோத்தேன். தண்ணீரையும் வியர்வையையும் உறிஞ்சாது, பூஞ்சை வேர்விட அதில் இடமில்லை, குழாயடியில் கழுவித் தொங்கவிட்டால் போதும். வெறும் நைலான் பட்டையைவிட இது நீள்வது மிகக் குறைவு. இழுவார் இரண்டும் ஒரே நீளத்தில் இருந்தால்தான் போனி நேராக இழுக்கும் என்பதால் இது பெரிய விஷயம். மலிவான நைலான் சேணத்தில் ஒரு பக்க இழுவார் ஒன்றிரண்டு செ.மீ. கூடுதலாக நீண்டுவிட்டால், போனி ஒரு தோளில் மட்டும் பாரம் வாங்கத் தொடங்கும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது, தோளில் முடி உதிர்ந்த பிறகுதான் தெரியும்.

பூச்சுதான் இதன் பலம், அது விட்டுப்போகிற இடமே பலவீனம். வெட்டிய முனையிலும் துளையின் ஓரத்திலும் நெசவு வெளியே தெரியும். அந்த வழியாக வியர்வை உள்ளே ஏறும். உப்பு காய்ந்து இழைகளை அறுக்கும். நல்ல தயாரிப்பில் முனைகளைச் சூட்டால் உருக்கி மூடியிருப்பார்கள், துளைகளும் சுத்தமான வட்டமாக இருக்கும். முனையில் விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பிரிந்து வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். கூடுதல் துளை தேவைப்பட்டால் துளைக்கருவியால்தான் போட வேண்டும். சுட்ட ஆணியால் குத்தினால் பூச்சு கருகி விரிசல் விடும், விரிசல் அடுத்த துளைவரை ஓடும்.

கொளுவிகளும் வளையங்களும் எந்த உலோகம் என்று கேட்காமல் வாங்கக்கூடாது. துருப்பிடிக்காத எஃகு என்றால் கவலையில்லை, கெட்டிப் பித்தளை என்றாலும் சரி. மோசமானது துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே மெருகு பூசிய கொளுவி. அது வளையாது, திடீரென்று முறியும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காந்தம் மெருகு பூசிய சாதா எஃகைத்தான் காட்டிக்கொடுக்கும். துத்தநாகமும் பித்தளையும் சேணங்களில் வழக்கமாக வரும் துருப்பிடிக்காத எஃகும் காந்தத்துக்கு மசியா. கொளுவியின் உள்பக்கத்தை அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளுக்கு அடியில் சாம்பல் நிறம் தெரிந்தால் அது துத்தநாகம்.

பட்டைகளைத் தைக்காமல் திருகாணியால் இணைத்த தொகுப்புகளும் உண்டு. நெற்றிப்பட்டை மாதிரி பாரம் ஏறாத இடத்தில் திருகாணி இருந்துவிட்டுப் போகட்டும். இழுவாரிலோ, போனியின் பின்புறத்தைச் சுற்றி வரும் பின்பட்டையிலோ இருந்தால் அந்தத் தொகுப்பை வாங்காதீர்கள். சரளைத் தரையில் வண்டி அதிர அதிரத் திருகு தானாகக் கழலும்.

மாற்ற வேண்டிய நான்கு

முதலில் வால்வார். வாலுக்கு அடியில் சுற்றி வருகிற இந்த வளையம் முதுகுச் சேணம் முன்னால் நகராமல் பிடித்துக்கொள்கிறது. செயற்கைத் தொகுப்புகளில் இது பெரும்பாலும் விறைப்பான குழாய். வாலடித் தோல் மெல்லியது, அங்கே வியர்வையும் தேங்கும். விறைத்த குழாய் உரசிப் புண்ணாக்கினால் போனி உதைக்கத் தொடங்கும். கற்றுக்கொண்ட உதையை மறக்கடிப்பது பெரும்பாடு. பழைய சேணத் தொழிலாளர்கள் வால்வாரைத் தோலில் தைத்து உள்ளே ஆளிவிதை நிரப்புவார்கள். உடம்புச் சூட்டில் விதையின் எண்ணெய் கசிந்து தோலை எப்போதும் மெதுவாக வைத்திருக்கும். முழுச் சேணமும் செயற்கையாக இருந்தாலும் இந்த ஒரு பாகத்தை மட்டும் தோலில் வாங்குங்கள். கையளவு பொருள்தானே, துடைத்துப் பராமரிப்பது சுமையாக இருக்காது. மாட்டும்போது வால் முடி ஒன்றுகூட அடியில் சிக்கக்கூடாது.

இரண்டாவது லகான். பூச்சுப் பட்டை லகான் வியர்த்த கையில் வழுக்கும், மழையில் நனைந்தால் பிடியே நிற்காது. போனி தலையை ஒரு முறை இழுத்தால் அரை அடி நழுவிப்போகும். கை பிடிக்கும் பகுதி மட்டும் தோலாகவோ, ரப்பர் முடிச்சு வைத்த நெசவாகவோ இருக்கிற லகான் தனியாகக் கிடைக்கிறது. அதை மாற்றினால் ஓட்டுவதே வேறு அனுபவம். வாயின் அசைவு விரலுக்கு வரும், பதிலுக்கு விரலை லேசாக மூடினாலே போனிக்குப் புரியும். வண்டியில் ஓட்டுநரின் காலுக்கும் இடுப்புக்கும் வேலையில்லை. லகான், குரல், சாட்டை மூன்றும்தான் பேச்சு. அந்த மூன்றில் ஒன்றை வழுக்கவிடுவது நியாயமல்ல.

மூன்றாவது, மார்ப்பட்டையின் உள் உறை. நியோப்ரீன் உறையோடு வருகிறவைதான் அதிகம். குளிர்நாட்டில் அது சரி. இங்கே சூட்டை அடைத்துவைக்கிறது, அடியில் வியர்வை குளமாக நிற்கிறது, ஒரு மணி நேரத்தில் தோல் ஊறி மெலிகிறது. ரோமத்தோடு கூடிய ஆட்டுத்தோல் உறை உடம்புக்கு இதமானதுதான், ஆனால் நனைந்தால் மறுநாளும் காயாது. கழற்றி மாட்டக்கூடிய கம்பளி உறை இரண்டு வாங்கி, ஒன்று காயும்போது மற்றொன்றைப் போடுவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. 

நான்காவது இழுவார் முனை. இதைத்தான் நாங்கள் அழுத்திச் சொல்வோம். தோல் சேணம் தாங்க முடியாத நெருக்கடியில் எங்கேயாவது அறுந்துவிடும். பயோத்தேன் அறுவதில்லை. போனி விழுந்தாலோ காலை ஏர்க்காலுக்கு, அதாவது போனியின் இருபுறமும் வரும் வண்டிக் கட்டைக்கு, மேலே போட்டுக்கொண்டாலோ, அந்தப் பட்டை அதை வண்டியோடு கட்டியே வைத்திருக்கும். பாரம் ஏறிய நிலையிலும் ஒரே இழுப்பில் திறக்கும் விடுவிப்புக் கொக்கியை இரண்டு இழுவார் முனையிலும் போடுங்கள். வண்டியில் எப்போதும் பல்வைத்த கத்தி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சாதாரணக் கத்தி இந்தப் பூச்சின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

அளவாக மாட்டுவது

சேணம் புதிதாக இருந்தும் போனிக்குப் புண் வந்தால் பட்டையைக் குறை சொல்வதற்கு முன்னால் பொருத்தத்தைப் பாருங்கள். தோல் சேணம் சில வாரங்களில் உடம்பின் வடிவத்துக்குப் பணிந்துவிடும். பயோத்தேன் எத்தனை மாதம் ஆனாலும் தன் வடிவத்தில்தான் நிற்கும். அதனால் முதல் நாளே சரியாக மாட்டியாக வேண்டும்.

மார்ப்பட்டை தோள் எலும்பின் முனைக்கு மேலேயும் மூச்சுக்குழலுக்குக் கீழேயும் படுக்க வேண்டும். இந்த இடைவெளி போனிகளுக்குக் குறுகலானது, இரண்டு விரல் ஏறினாலோ இறங்கினாலோ தவறிவிடும். மேலே ஏறினால் மூச்சை அழுத்தும், ஏற்றத்தில் கர்ரென்று சத்தம் வரும். கீழே இறங்கினால் முன்னங்கால் வீசும்போதெல்லாம் எலும்பில் மோதும். கழுத்துவாரின் கொளுவியை ஒரு துளை மாற்றிவிட்டு, போனியை நடக்கவிட்டுப் பக்கத்திலிருந்து பாருங்கள். நிற்கும்போது சரியாகத் தெரிந்த பட்டை நடக்கும்போது ஏறிவிடுவதுண்டு. இழுவார் மார்ப்பட்டையிலிருந்து வண்டிவரை ஒரே நேர்கோட்டில் போகிறதா என்பதையும் அப்போதே கவனிக்கலாம்.

மார்ப்பட்டை பயன்படுத்தினால், வண்டியில் இழுவார் மாட்டுகிற குறுக்குக் கட்டை நடுவில் அச்சு வைத்துச் சுழல்வதாக இருக்க வேண்டும். போனி இடது தோளை முன்னே வைக்கும்போது கட்டையின் இடது முனை முன்னே வரும், வலது தோளுக்கு வலது முனை. கட்டை அசையாமல் நட்டுப்போட்டு இறுக்கியிருந்தால், ஒவ்வோர் அடிக்கும் மார்ப்பட்டை நெஞ்சின் குறுக்கே ரம்பம் போல இழுபடும். எவ்வளவு நல்ல உறை போட்டாலும் தோல் உரியும். பயிற்சி வண்டிகளில் சில, இழுவாருக்கு வெறும் கொக்கியை மட்டும் வைத்து விற்கப்படுகின்றன. அப்படிப்பட்ட வண்டிக்குச் சுழல்கட்டை பொருத்தாமல் இந்தச் சேணத்தை மாட்டாதீர்கள்.

முதுகுச் சேணம் தோள் மேட்டுக்குப் பின்னால், வார் முழங்கைக்கு நான்கு விரல் தள்ளி விழும்படி உட்கார வேண்டும். முதுகெலும்புக்கு மேலே நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். செயற்கைத் தொகுப்புகளில் இந்தச் சேணம் பெரும்பாலும் பஞ்சு வைத்த வளைபட்டைதான், உள்ளே சட்டம் இருக்காது. ஏர்க்காலின் பாரம் ஏறியதும் முதுகெலும்பின் மேலே அமுங்கிவிடும். இரு சக்கர வண்டிக்குச் சட்டம் வைத்த முதுகுச் சேணம் கட்டாயம் என்பது எங்கள் கருத்து. வாங்கும்போதே அந்தத் தெரிவைக் கேளுங்கள்.

பின்பட்டைதான் பல பயிற்சி வண்டிகளில் ஒரே பிரேக். இறக்கத்திலும் நிறுத்தும்போதும் வண்டி முன்னால் உருண்டு வருவதைப் போனி தன் பின்புறத்தால் தாங்குகிறது. இழுவார் விறைப்பாக இருக்கும்போது பின்பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம், ஏறக்குறைய 10 செ.மீ., இருக்கட்டும். தளர்வாக விட்டால் வண்டி ஓடிவந்து இடித்த பிறகே பட்டை பிடிக்கும். இறுக்கிவிட்டால் போனி முன்னும் பின்னும் சிக்கி, இழுப்பதும் தடுப்பதும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருக்கும். உயரம் இன்னும் முக்கியம். தொங்கினால் கால்களை வாரிவிடும், ஏறினால் வாலுக்கு அடியில் போய்ச் சொருகும். கிடைமட்டமாக, பின்தொடையின் சதைப்பற்றான பகுதியில் நிற்கட்டும்.

தலைப்பட்டையில், பக்கப் பார்வையை மறைக்கும் கண்பட்டையின் நடு உயரத்தில் கண் இருக்க வேண்டும், இமை உரசக்கூடாது. மலிவான தொகுப்பில் கண்பட்டைக்குள் தகடு இருக்காது. வெயிலில் இளகி உள்பக்கமாக மடிந்து கண்ணில் படும். கையால் வளைத்துப் பார்த்து, விட்டதும் நிமிர்கிறதா என்று சோதியுங்கள். வாய் இரும்பு பெரும்பாலும் தொகுப்பில் வராது. லகான் மாட்டப் பல நிலைகள் உள்ள லிவர்பூல் வகை இரும்பை வாங்கி, லகானை முதலில் வளையத்தின் மென்மையான நிலையிலேயே மாட்டுங்கள். கீழே போகப்போக ஒவ்வொரு துளையிலும் நெம்புகோல் விசை கூடும். கை பழகாதவர் கீழ்த்துளையில் மாட்டினால் போனியின் வாய் கெடும்.

வண்டியில் பூட்டும் வரிசை

சேணத்தின் தரம் எதுவானாலும் இந்த வரிசை மாறாது. இரண்டு பேர் வேண்டும், ஒருவர் போனியின் தலைப்பக்கத்தை விட்டு நகரக்கூடாது. சேணம் முழுவதும் மாட்டி, தலைப்பட்டையும் போட்டு, லகானை வளையங்களுக்குள் கோத்து வாய் இரும்பில் மாட்டிய பிறகே வண்டி பக்கத்தில் வர வேண்டும். போனியைப் பின்னால் தள்ளி ஏர்க்காலுக்குள் விடுவது தவறு. ஏர்க்காலை உயர்த்திப் பிடித்து வண்டியை முன்னால் கொண்டுவந்து, இறக்கி, முதுகுச் சேணத்தின் ஏர்க்கால் வளையங்களுக்குள் செலுத்துங்கள். முதலில் இழுவார், அடுத்தது பின்பட்டை வார், கடைசியில் வெளி வயிற்றுப்பட்டை. கழற்றும்போது நேர் தலைகீழ். லகான் கையில் இருக்க ஓட்டுநர்தான் முதலில் ஏறுவார், பயணி பிறகு. இறங்கும்போது பயணி முதலில், ஓட்டுநர் கடைசி.

வண்டியில் பூட்டியிருக்கும்போது தலைப்பட்டையை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக்கூடாது. அரிப்பு எடுத்தாலும், கொளுவி மாற்ற வேண்டியிருந்தாலும், புகைப்படம் எடுக்கச் சொன்னாலும் சரி. கண்பட்டை விலகி, தன் பின்னால் ஒரு பெரிய பொருள் ஒட்டிக்கொண்டு வருவதைப் போனி திடீரென்று பார்த்தால் ஓடும். கட்டுப்படுத்த லகானும் இருக்காது. வண்டி விபத்துகளில் மிக மோசமானவை இப்படித்தான் நடக்கின்றன.

இரு சக்கர வண்டியில் சமநிலையையும் பாருங்கள். சமதரையில் ஓட்டுநர் உட்கார்ந்த பிறகு ஏர்க்கால் முனையை ஒரு கையால் எளிதாகத் தூக்க முடிய வேண்டும், தானாக மேலே எழும்பவும் கூடாது. கனமாக இருந்தால் அந்தப் பாரம் முழுவதும் போனியின் முதுகில். மேலே எழும்பினால் வயிற்றுப்பட்டை அடியிலிருந்து தூக்கும். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யலாம். நகராத இருக்கை கொண்ட வண்டியை, ஒரே எடையுள்ள ஒரே ஓட்டுநர் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் தவிர, வாங்க வேண்டாம்.

வெக்கைக் கணக்கு

காலையில் இளங்குளிராக இருக்கிறதே என்று நினைப்பதுதான் இங்கே ஏமாற்றுகிற விஷயம். குதிரைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: பாரன்ஹீட் வெப்பநிலையோடு ஈரப்பத விழுக்காட்டைக் கூட்டுங்கள். 150ஐத் தாண்டினால் கவனம், 180ஐத் தாண்டினால் வேலை வாங்கக்கூடாது. நம் ஊரில் காலை 7 மணிக்கு 27 பாகை செல்சியஸ், அதாவது 81 பாரன்ஹீட், ஈரப்பதம் 90 என்றால் கூட்டுத்தொகை 171. பிற்பகல் 32 பாகை, அதாவது 90, ஈரப்பதம் 65 என்றால் 155. எண்ணைப் பார்த்தால் காலைதான் மோசம். காரணம், குதிரையின் உடம்பு குளிர்வது பெரும்பாலும் வியர்வை ஆவியாவதால். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. அதற்காக உச்சி வெயிலில் ஓட்டலாமா என்றால், கூடாது. இந்தக் கணக்கில் நேரடி வெயில் சேரவில்லை. கறுப்புப் பட்டை வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 பாகை பதிவானது. அப்படிப்பட்ட நாளில் போனியை லாயத்திலேயே விடுவதுதான் நல்லது.

எங்கள் பரிந்துரை காலை 8 மணிவாக்கில் நிழல் உள்ள பாதை, அல்லது மாலை 5.30க்குப் பிறகு. ஓட்டம் 30 முதல் 40 நிமிடம், அதில் பாதிக்கு மேல் நடை. வண்டி, ஓட்டுநர், பயணி எல்லாம் சேர்த்துப் போனியின் எடையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 250 கிலோ போனி, 90 கிலோ வண்டி என்றால் பெரியவர்கள் இருவர் ஏறலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. சின்ன உடம்புக்கு எடையைவிடத் தோல் பரப்பு விகிதத்தில் அதிகம் என்பதால் சூட்டை விரைவாக வெளியேற்றும். 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரின் வாடகை வண்டிகளைச் சுமத்ராவின் டெலி வகைக் குட்டைக் குதிரைகள் இழுத்ததில் பொருள் இருக்கிறது. ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையை வண்டியில் பூட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பல மாதப் பயிற்சியும் அனுபவமுள்ள கையும் இல்லாமல் வேண்டாம்.

ஓட்டி முடித்ததும் நாடியைப் பாருங்கள். ஓய்விலிருக்கும்போது நிமிடத்துக்கு 30 முதல் 45வரை இருக்கும் நாடி, நிறுத்திய 10 நிமிடத்தில் 60க்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் அன்றைய வேலை அதிகம். உடல் வெப்பம் சாதாரணமாக 37.5 முதல் 38.5 பாகை. 40ஐத் தொட்டால் தாமதிக்காமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், மருத்துவரையும் கூப்பிடுங்கள். இன்னொன்றையும் பட்டைக்கு அடியில்தான் பார்க்க முடியும்: வேலைக்குப் பிறகு மார்ப்பட்டைக்கும் முதுகுச் சேணத்துக்கும் கீழே ஈரமே இல்லாமல் உலர்ந்து, மூச்சு மட்டும் இரைத்தால், போனி வியர்க்கும் திறனை இழந்துவருகிறது. குளிர்நாட்டிலிருந்து வெப்பமண்டலத்துக்கு வரும் குதிரைகளுக்கு இது அறியப்பட்ட நோய். தோல் சேணத்தின் ஈரக்கறை காட்டிக்கொடுக்கும் இதைப் பயோத்தேன் காட்டாது, கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மழைக்கு ராடார் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. ஜூன் முதல் சுமத்ராவிலிருந்து விடியற்காலையிலும் முற்பகலிலும் வரிசையாக வந்து மோதும் புயல்காற்று. அது மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் அடிக்கும், கிளை முறிந்து விழும். மைஎன்வி செயலியில் மேற்கே மழைக்கோடு தெரிந்தால் பூட்டவே வேண்டாம்.

திருமணச் சாரட்டுக்கு?

இங்கே மட்டும் எங்கள் வாக்கு தோலுக்குத்தான். மாப்பிள்ளை அழைப்பில் புகைப்படக் கருவிகள் ஒரு முழத்தில் வந்து நிற்கும். பயோத்தேனின் தட்டையான மினுக்கம் படத்தில் நெகிழிப் பட்டையாகவே தெரியும். ஆண்டில் சில முறை மட்டும் எடுக்கிற சேணம் என்றால் ஈரமுறிஞ்சி வைத்த அறையில் தோலைப் பாதுகாப்பது முடிகிற காரியம். பளபளக்கும் மெருகுத்தோல் பாகங்களை ஒன்றன்மேல் ஒன்று படும்படி வைக்காதீர்கள், சூட்டில் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது மெருகு உரியும்.

பூ அலங்காரத்தைச் சேணத்தில் கட்டுவோர் கவனிக்க: மல்லிகைச் சரமோ சாமந்தி மாலையோ கழுத்துவாரில் மட்டும் கட்டுங்கள். நெற்றிப்பட்டையில் கட்டினால் பாரத்தில் தலைப்பட்டை கோணும், கண்பட்டை விலகும். முதுகுச் சேணத்து வளையங்களின் பக்கம் நாரோ ரிப்பனோ வரவே கூடாது, லகான் சிக்கிக்கொள்ளும். உறுமியும் தவிலும் எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே கேட்டு, அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவில் பல நாள் கேட்கவைத்துப் பழக்கிய போனியைத்தான் கொண்டுபோக வேண்டும்.

வாங்கும்போது

இங்கே கடையில் தொட்டுப்பார்த்து வாங்குவது எளிதல்ல, ஆஸ்திரேலியாவிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ வரவழைப்பதாகத்தான் இருக்கும். 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் அனுப்புகூலியையும் கணக்கில் சேருங்கள். திருப்பி அனுப்புவது வாங்குவதைவிடச் செலவு என்பதால் அளவெடுப்பதில் அவசரம் வேண்டாம். தையல்நாடாவால் ஐந்து அளவு எடுங்கள்: ஒரு வாய்முனையிலிருந்து உச்சிவழியாக மறு வாய்முனைவரை, நெற்றிச் சுற்று, ஒரு தோள் முனையிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே மறு தோள் முனைவரை, முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்று, தோள் மேட்டிலிருந்து வாலடிவரை. போனிகளுக்குத் தலை பெரிது, நெற்றி அகலம். உடம்புக்குப் போனி அளவு சரியாக இருந்தாலும் தலைப்பட்டைக்கு அடுத்த பெரிய அளவு தேவைப்படுவது சகஜம். தொகுப்பில் தலைப்பட்டையை மட்டும் மாற்றித் தருகிற விற்பனையாளரைத் தேர்ந்தெடுங்கள். மார்ப்பட்டை அகலம் 50 மி.மீ.க்குக் குறையக்கூடாது, இழுவார் 25 மி.மீ.க்குக் குறையக்கூடாது.

பராமரிப்பு சுருக்கமானது. ஓட்டியதும் நல்ல தண்ணீரில் அலசி, வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துத் துடைத்து, நிழலில் தொங்கவிடுங்கள். எண்ணெய், சிலிகான் தெளிப்பு, குளோரின் எதுவும் படக்கூடாது. எண்ணெய் பட்ட லகான் கையில் நிற்காது, சிலிகான் பட்ட முதுகுச் சேணம் பக்கவாட்டில் உருளும். மாதம் ஒருமுறை எல்லாக் கொளுவிகளையும் கழற்றி, பட்டை மடிகிற இடங்களை இருபுறமும் வளைத்துப் பாருங்கள். பூச்சு வெடித்து உள்ளிருக்கும் நெசவு வெள்ளையாகத் தெரிந்தால் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள், ஒட்டிப் பயன்படுத்த வேண்டாம். முதலில் தேய்வது ஏர்க்கால் வளையத்தின் உள்பக்கமும் பின்பட்டை வாரின் முதல் இரண்டு துளைகளும்தான். தொகுப்பை வரவழைக்கும் அதே பெட்டியில் ஒரு ஜோடி பின்பட்டை வாரும், ஓர் இழுவாரும், இரண்டு விடுவிப்புக் கொக்கியும் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். தனியாகப் பிறகு வரவழைத்தால் அனுப்புகூலியே பொருளின் விலையைத் தாண்டிவிடும்.